நவம்பர் தோல்வியால் மார்ச் வாய்ப்பு போய்விடாது

சுங்கை சிப்புட் கூடைப்பந்து ரசிகர்களின் புலனக் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: "அமெரிக்கக் கல்லூரி அணி நவம்பரில் 3 ஆட்டம் தோற்றால், அல்லது ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் முதல் 25க்கு வெளியே போனால், மார்ச் போட்டியில் இடமில்லை." இது தவறு. அப்படி விதியே கிடையாது. மார்ச் போட்டி என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ நடத்தும் தேசியப் போட்டி.

கனெக்டிகட் பல்கலைக்கழக அணியைப் பாருங்கள். நடப்பு வெற்றியாளராக 2024 நவம்பரில் ஹவாயில் நடந்த மௌயி போட்டிக்குப் போய், மூன்று நாளில் மூன்று ஆட்டமும் தோற்றது. ரசிகர்கள் தலையில் கைவைத்தார்கள். ஆனாலும் 2025 மார்ச்சில் 8ஆம் நிலை (16 நிலைகளில்) அணியாக உள்ளே வந்தது.

அவ்வாண்டு 68 அணிகளில் 31, தங்கள் லீக்கின் (கான்ஃபரன்ஸ்) போட்டியை வென்று நேரே நுழைந்தவை. மீதி 37ஐத் தேர்வுக்குழு எடுத்தது. ஏபி பட்டியல் செய்தியாளர்களின் வாக்கு மட்டுமே. குழு முக்கியமாகப் பயன்படுத்துவது 'நெட்' எனும் என்சிஏஏயின் சொந்தத் தரவரிசை. அதைக் கொண்டு, யாரிடம், எங்கே ஆடினோம் என்று பார்த்து ஆட்டங்களை நான்கு பிரிவாகப் பிரிப்பார்கள்; முதல் பிரிவுதான் மிகக் கடினம். 60ஆம் இடத்து அணியிடம் அதன் திடலில் தோற்றால் அது முதல் பிரிவு ஆட்டம், பெரிய சேதாரமில்லை. சொந்தத் திடலில் 200ஆம் இடத்து அணியிடம் தோற்றால் நான்காம் பிரிவு. அந்தக் கறை மார்ச் வரை அழியாது; நவம்பர் ஆட்டமும் பிப்ரவரி ஆட்டமும் ஒரே எடைதான்.

என்சிஏஏ இணையத்தளத்தில் நெட் பட்டியலை நீங்களே பார்க்கலாம். பருவத்தின் முதல் சில வாரங்களில் மட்டும் அது இருக்காது. அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.