கொசுவலை மட்டும் போதாது அண்ணாச்சி

ரத்தம் உறிஞ்சுற பொடிப் பூச்சியான மணல் ஈக்கு வேப்பெண்ணெயும் கொசுவலையும் போதும்னு கட்டுரையில எழுதியிருக்கீங்க. சாதாரணக் கொசுவலைக் கண்ணுக்குள்ள இது நுழைஞ்சிரும் அண்ணாச்சி, மொத்தமே 2, 3 மில்லிமீட்டர்தான். தோல்ல தடவுற பூச்சிவிரட்டிப் பூச்சு வாங்கும்போது வாசனையைப் பாக்காம, டப்பாவுக்குப் பின்னால விரட்டி மருந்தான டீட் (DEET) 20-30 சதவீதம், இல்லன்னா பிக்காரிடின் 20 சதவீதம் போட்டிருக்கான்னு பாருங்க. டீட் பட்டா பிளாஸ்டிக் மூக்குக்கண்ணாடி பாழாயிரும், அதனால என் ஓட்டு பிக்காரிடினுக்குத்தான். வெயில் கிரீம் முதல்ல, பூச்சு அதுக்கு மேல.

பாபநாசம், களக்காடுன்னு மலையடிவாரத்துல தொழுவம் வச்சிருக்கவங்க பொழுதடையுமுன்னே கை காலுக்குத் தடவிரணும். அகத்தியமலைக்கு அந்தப்பக்கம், கேரளக் காணிப் பழங்குடிக் குடியிருப்புகள்ல இந்த ஈ பரப்புற தோல் லீஷ்மேனியாசிஸ்ங்கிற தோல்புண் நோய் பதிவாகியிருக்கு. திண்ணையில டேபிள் பேன் ஓடவிட்டாலும் தொல்லை குறையும், காத்தை எதுத்துப் பறக்க அதுக்குத் தெம்பு கிடையாது.