லென்ஸை விற்றுவிட்டு கேமரா பாடி வாங்கச் சொன்ன அண்ணனுக்கு

ஞாயிற்றுக்கிழமை போட்டோகிராபி ஒர்க்‌ஷாப்பில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு இந்நேரம் வீடியோ வந்து சேர்ந்திருக்கும். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லவில்லை, பேரும் சொல்லவில்லை. பாடம் நடத்திய அண்ணன் இரண்டு பிரிண்டை மாட்டி வைத்து, "எது மீடியம் ஃபார்மட், எது ஃபுல் ஃப்ரேம்னு சின்னப் பிள்ளைகூடச் சொல்லிடும்" என்றார். (ஃபுல் ஃப்ரேம் என்பது பழைய 35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார், மீடியம் ஃபார்மட் அதைவிடப் பெரியது.) கைதட்டல். அதோடு விட்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் எழுந்து கேள்வி கேட்ட அந்தத் தம்பியிடம், "இருக்கிற லென்ஸையெல்லாம் வித்துட்டு இதுக்கு மாறுங்க, இல்லேன்னா கடைசி வரைக்கும் மண்டபத்துலதான் நிப்பீங்க" என்றாரே, அதுதான் மூன்று நாளாக உறுத்துகிறது.

கல்யாண மண்டபத்தில் நின்று படம் எடுப்பது அவ்வளவு கேவலமா அண்ணே?

சரி, அந்தப் பிரிண்டுகளுக்கு வருவோம். கீழே விவரம் எழுதி ஒட்டியிருந்தது. மறைக்கவில்லை, அந்த நேர்மைக்கு நன்றி. ஒன்று ஃபுஜியின் மீடியம் ஃபார்மட் கேமரா ஜிஎஃப்எக்ஸ் 100எஸ், 110 மிமீ லென்ஸ், எஃப் 2 (லென்ஸின் திறப்பு; எண் குறைந்தால் திறப்பு பெரிது, பின்னணி அதிகம் மங்கும்). இன்னொன்று ஃபுல் ஃப்ரேம், 24-105 ஜூம், 85 மிமீ, எஃப் 4. இதை ஒப்பீடு என்று எந்த ஊரில் சொல்வார்கள்? ஜிஎஃப்எக்ஸ் எண்களை ஃபுல் ஃப்ரேமுக்கு மாற்ற 0.79 என்று ஒரு கணக்கு உண்டு. 110ஐ அதால் பெருக்கினால் 87 மிமீ. எஃப் 2ஐப் பெருக்கினால் ஏறக்குறைய எஃப் 1.6. ஆக ஃபுல் ஃப்ரேமில் அந்தப் படத்துக்கு இணை 85 மிமீ எஃப் 1.6. அதற்குப் பக்கத்தில் எஃப் 4 ஜூமை நிறுத்தினால் பின்னணி மங்கலில் மட்டும் இரண்டரை ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). நீங்கள் கைதட்டியது லென்ஸுக்கு, சென்சாருக்கு அல்ல. அதே ஃபுல் ஃப்ரேமில் 85 எஃப் 1.4 மாட்டியிருந்தால் பின்னணி இன்னும் கொஞ்சம் அதிகமாகவே கரைந்திருக்கும். அந்த 85ஐத்தான் தம்பியை விற்கச் சொல்கிறார்.

"மீடியம் ஃபார்மட்" என்றதும் ஏதோ ராட்சத சென்சார் என்று நினைப்பவர்களுக்கு அளவைச் சொல்லிவிடுகிறேன். ஃபுஜி ஜிஎஃப்எக்ஸ், ஹேசல்பிளாட் எக்ஸ் வரிசை எல்லாம் 43.8 x 32.9 மிமீ. ஃபுல் ஃப்ரேம் 36 x 24. பரப்பளவில் 1.67 மடங்கு, வெளிச்சக் கணக்கில் முக்கால் ஸ்டாப். ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்னதான கிராப் சென்சாரிலிருந்து ஃபுல் ஃப்ரேமுக்கு வந்தபோது கிடைத்தது ஒன்றேகால் ஸ்டாப். அந்தத் தாவலைவிட இது சின்னத் தாவல், செலவு மட்டும் பெரிது. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் யாஷிகா கேமராவில் 120 ஃபிலிம் ரோல் போட்டு ரோலுக்கு 12 படம் எடுத்தார்களே, அந்த நெகட்டிவ் 56 x 56 மிமீ. இன்றைய ஜிஎஃப்எக்ஸ் சென்சாரைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரியது. அதை வைத்துக்கொண்டு அவர்கள் நின்றதும் மண்டபத்தில்தான்.

அந்த முக்கால் ஸ்டாப்பும் எப்போதும் கையில் நிற்பதில்லை. ஜிஎஃப்எக்ஸ் 100எஸ்ஸின் அடிப்படை ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்; எண் குறைந்தால் சென்சார் அதிக வெளிச்சம் தாங்கும்) 100. ஃபுல் ஃப்ரேமான நிக்கான் டி850, இசட்8 இரண்டுக்கும் 64. சென்சார் சின்னது, ஆனால் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் அதிக வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும். பரப்பளவோடு பெருக்கிப் பாருங்கள், வித்தியாசம் ஏழு சதவீதத்துக்குள் வந்து நிற்கும். ஜிஎஃப்எக்ஸ்100 II 80க்கு இறங்கியது, ஹேசல்பிளாட் எக்ஸ்2டி 64க்கே வந்தது, அவற்றில் லாபம் மறுபடி தெரியும். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் பேசியது 100எஸ்ஸைப் பற்றி.

மெகாபிக்ஸல்? 102. நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் 61 மெகாபிக்ஸல் ஃபுல் ஃப்ரேம் கேமரா சோனி ஏ7ஆர் IV-இன் பிக்ஸலும் ஜிஎஃப்எக்ஸ் 100இன் பிக்ஸலும் ஒரே அளவு, 3.76 மைக்ரான். பிக்ஸலின் தரம் ஒன்றுதான், எண்ணிக்கைதான் கூடுதல். அகலத்தில் 9504க்குப் பதில் 11648. கூடுதல் கால்வாசிக்கும் குறைவு.

இந்தப் பதிவில் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன், சலித்துக்கொள்ளாதீர்கள்: உங்கள் படம் எங்கே போய் முடிகிறது என்று முதலில் பாருங்கள். கல்யாண ஆல்பம் 12க்கு 36 இஞ்ச் ஷீட்டில் முடிகிறது. ஒரே படத்தை ஷீட் முழுக்கப் போட்டால், 45 மெகாபிக்ஸல் கேமராவின் 8256 பிக்ஸலை 36 இஞ்சுக்குப் பரப்பினால் 229 டிபிஐ, அதாவது இஞ்சுக்கு அத்தனை புள்ளி. கையில் வைத்துப் பார்க்கும் ஆல்பத்துக்கு அது தாராளம். ஷீட்டுக்கு ஐந்தாறு படம் போட்டால் 24 மெகாபிக்ஸலே மிச்சம். எனக்குத் தெரிந்த ஒரு ஆல்பம் டிசைனர், வருகிற படத்தையெல்லாம் முதல் வேலையாக நீளப் பக்கம் 4000 பிக்ஸலுக்குச் சுருக்கிவிட்டுத்தான் போட்டோஷாப்பையே திறப்பார். கேட்டால், "சிஸ்டம் ஹேங் ஆகுதுங்க." 102 மெகாபிக்ஸலில் எடுத்து அவரிடம் கொடுங்கள், 12 மெகாபிக்ஸலாகத் திரும்பி வரும். கஸ்டமர் பார்ப்பது முதலில் போனில், பிறகு இன்ஸ்டாவில் 1080 பிக்ஸல் அகலத்தில்.

இனி வேலை செய்யும் இடம். தாலி கட்டும் நேரம் எப்படி இருக்கும் என்று அண்ணனுக்கு மறந்திருக்கலாம். ஹோமப் புகை, குறுக்கே நாலு கை, அட்சதை மழை, பின்னால் எல்இடி சுவர், முன்னால் மாமா நீட்டிய போன். மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போகும், முடிச்சு ஒரு நொடி தெரியும், மறையும். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜிஎஃப்எக்ஸ் 50எஸ், 50ஆர், 50எஸ் II வாங்குபவர்கள் கவனிக்க: மூன்றுமே கான்ட்ராஸ்ட் டிடெக்ட் ஃபோகஸ். லென்ஸ் முன்னே போய், பின்னே வந்து, பிறகுதான் பிடிக்கும். பொருளுக்கும் நிலக்காட்சிக்கும் அருமையான கேமரா, முடிச்சுக்கு ஆகாது. 100 வரிசையில் ஃபேஸ் டிடெக்ட் உண்டு, தேடாமல் நேராகப் பிடிக்கும், நிலைமை மேல். ஆனாலும் 100எஸ் நொடிக்கு 5 படம்தான். சத்தம் வேண்டாம் என்று எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால், இவ்வளவு பெரிய சென்சாரை மேலிருந்து கீழே படிக்க நேரமாவதால் எல்இடி வெளிச்சத்தில் பட்டை பட்டையாக விழும்.

அடுத்து, வெளிப்புற ஷூட்டுக்கு ஏற்றது என்றார் அண்ணன். அங்கேதான் சிரிப்பு வந்தது. ஜிஎஃப்எக்ஸின் ஃப்ளாஷ் சிங்க், அதாவது ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம், 1/125 நொடி. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/125 என்றால் எஃப் 16. ஃபுல் ஃப்ரேமில் 1/250 கிடைக்கிறது, எஃப் 11 போதும். ஃப்ளாஷ் பவர் பாதி மிச்சம். திறப்பைப் பெரிதாக்க ஜிஎஃப்எக்ஸில் ஒன்று வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் மாட்ட வேண்டும், இல்லை அதிக ஷட்டர் வேகத்திலும் ஃப்ளாஷ் அடிக்கும் ஹை ஸ்பீடு சிங்க் போட்டு ஃப்ளாஷ் பவரை இழக்க வேண்டும். ஹேசல்பிளாட் எக்ஸ்சிடி லென்ஸ்களில் லீஃப் ஷட்டர் இருக்கிறது, 1/2000 வரை ஃப்ளாஷ் ஒத்துப்போகும், அதே வெயிலில் எஃப் 4க்கு வந்துவிடலாம். மீடியம் ஃபார்மட்டுக்கு மாற இது உண்மையான காரணம். இதை மேடையில் யாராவது சொன்னார்களா?

நகை எடுப்பவர்களுக்கும் ஒன்று. ஆரத்தின் முன்மணி முதல் கொக்கி வரை ஷார்ப்பாக வேண்டும் என்று ஃபுல் ஃப்ரேமில் எஃப் 16 வைக்கிறீர்கள். அதே டெப்த் (ஷார்ப்பாக இருக்கும் ஆழம்) ஜிஎஃப்எக்ஸில் வேண்டுமென்றால் எஃப் 20. டிஃப்ராக்‌ஷன் (சின்னத் திறப்பில் ஒளி சிதறுவது) இரண்டிலும் ஒரே அளவு மழுக்கும், வெளிச்சம்தான் கூடுதலாக வேண்டும். எஃப் 8இல் வைத்து ஃபோகஸை நகர்த்திப் பல படம் எடுத்துச் சேர்க்கும் ஃபோகஸ் ஸ்டாக்கிங் செய்தால் 102 மெகாபிக்ஸலும் வேலை செய்யும். ஆனால் அதற்கு உறுதியான ஸ்டாண்டும் பொறுமையும் வேண்டும், பதினைந்து இருபது ஃபைலைச் சேர்க்கும் கம்ப்யூட்டரும் வேண்டும்.

"அப்போ மீடியம் ஃபார்மட்டே வேஸ்ட்டா?" என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார். அப்படி எங்கே சொன்னேன்? தஞ்சாவூர் ஓவியத்தைப் பிரதி எடுப்பவர், ஓலைச்சுவடி பதிவு செய்பவர், 30க்கு 40 இஞ்ச் பிரிண்ட் விற்பவர், ஒரே ஃப்ரேமிலிருந்து குத்தாகவும் படுக்கையாகவும் வெட்டிக் கொடுக்கச் சொல்லும் பட்டுக்கடை கேட்டலாக் எடுப்பவர் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 4:3 விகிதமும் போர்ட்ரெய்ட்டுக்கு அழகு.

"கலர் வேற லெவல், 16 பிட்" என்றார் இன்னொருவர் (பிட் கூடினால் நிறத்தின் படிகள் நுணுக்கமாகும்). அரக்குச் சிவப்புப் பட்டில் சிவப்பு சேனல் வெந்து போவது எக்ஸ்போஷர் கோளாறு. வெளிச்சத்தை நிறவாரியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமில் சிவப்பை மட்டும் பார்த்து ஒரு ஸ்டாப் குறையுங்கள், 14 பிட்டிலேயே ஜரிகையும் மடிப்பும் நிற்கும். "3டி பாப்" (ஆள் படத்திலிருந்து எழுந்து நிற்பதுபோலத் தெரிவது) என்றவருக்குப் பதில் இல்லை. ஜன்னல் பக்கம் ஆளை உட்காரவையுங்கள், பாப் வரும்.

"பெரிய கேமராவைப் பார்த்தாத்தான் கஸ்டமர் மதிக்கிறாங்க" என்பதற்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் கிடையாது. உண்மைதான். விட்டுவிடுகிறேன்.

ஆனால் செலவை விடமாட்டேன். பாடி விலை வெறும் முன்பணம். 16 பிட், சுருக்காத ரா ஃபைல் (கேமராவின் மூலக் கோப்பு) ஒன்று 200 எம்பிக்கு மேல். இரண்டு நாள் கல்யாணத்தில் 4000 படம் என்றால் 800 ஜிபி, அதற்கு ஒரு பேக்கப். தரம் குறையாமல் சுருக்கிச் சேமித்தாலும் படத்துக்கு 100 எம்பி தாண்டும். ஒரு படத்தை 16 பிட் டிஃப் ஆக்கினால் 600 எம்பி, நாலு லேயர் போட்டால் போட்டோஷாப் ஃபைலான பிஎஸ்டியின் 2 ஜிபி வரம்பு தாண்டும், பெரிய ஃபைலுக்கான பிஎஸ்பியில் சேமிக்க வேண்டும். 110 மிமீ லென்ஸ் மட்டும் ஒரு கிலோ. எல்லாவற்றுக்கும் மேலே, முகூர்த்தத்தில் பாடி படுத்துவிட்டால்? லென்ஸையெல்லாம் விற்றாயிற்று. இரண்டாவது பாடி எந்த மவுண்டில் (லென்ஸ் பொருத்தும் வாய்) இருக்கும்? ஒற்றை மாட்டை வைத்து ஏர் பூட்டச் சொல்லும் யோசனை இது.

"வாங்க வக்கில்லாதவன் வயித்தெரிச்சல்" என்று எழுதியவரே, உங்கள் கமெண்ட்டை நீக்கவில்லை, இருக்கட்டும். அந்த அரங்கத்தின் வாசலில் மேஜை போட்டு இஎம்ஐ ஃபாரம் கொடுத்துக்கொண்டிருந்தது யார் என்பதையும் எழுதியிருந்தால் கமெண்ட் முழுமையாக இருந்திருக்கும். விற்பது தப்பில்லை. கடை என்று போர்டு மாட்டிவிட்டு விற்கலாம். பாடம் நடத்துகிறேன் என்று கட்டணம் வாங்கிக்கொண்டு, உள்ளே உட்கார்ந்திருப்பவனின் தொழிலையே மட்டமாகப் பேசி, அந்தக் கூச்சத்திலேயே கையெழுத்து வாங்குவதுதான் வலிக்கிறது. ஆல்பம் ரேட்டைக் குறைத்துக் குறைத்து அடித்துக்கொள்ளும் ஊரில், இந்த இஎம்ஐயை அந்தத் தம்பி எந்தக் கல்யாணத்தில் எடுப்பார்? அவர் கேட்டதே "எனக்கு இது தேவையா" என்றுதான். அதற்குப் பதில் வரவேயில்லை.

தம்பி, இதைப் படித்தால்: இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். உங்கள் கேமராவையும் பக்கத்தில் வையுங்கள். ஜிஎஃப்எக்ஸில் 80 மிமீ எஃப் 4, உங்களுடையதில் ஜூமை 63க்கு வைத்து எஃப் 3.2. ஒரே ட்ரைபாட் இடம், ஒரே வெளிச்சம், ஒரே ஷட்டர் ஸ்பீடு. ஐஎஸ்ஓவை மட்டும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டையும் உங்கள் ஆல்பம் லேபிலேயே, நீங்கள் வழக்கமாகக் கொடுக்கும் அளவில் பிரிண்ட் போடுங்கள். இரண்டாம் நாள் ஒரு ரிசப்ஷனுக்குக் கொண்டுபோங்கள், ஆனால் அன்றைய பொறுப்பு பழைய கேமராவிடமே இருக்கட்டும். பேட்டரி இரண்டு கேட்டு வாங்குங்கள், வேகமான யுஹெச்எஸ் 2 மெமரி கார்டு உங்களிடம் இல்லையென்றால் அதையும் கேளுங்கள். வாங்கும்போதே கடைக்காரர் முன்னால் வெள்ளைச் சுவரை எஃப் 16இல் ஒரு படம் எடுத்து சென்சாரில் தூசி, கீறல் இருக்கிறதா என்று காட்டி, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது அந்தச் சண்டை வேறு வேண்டாம்.