தோற்கத் தயார், பறிகொடுக்கத் தயாரில்லை

கடினமான வீடியோ கேம்களில் தோற்பதைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொள்வதற்காகத்தான் காசு கொடுத்து வாங்குகிறேன். 2011இல் வந்த ‘டார்க் சோல்ஸ்’ ஆட்டத்தில் செத்தால், சேர்த்து வைத்த ஆன்மாக்கள் (அங்கே காசு மாதிரி அவைதான்) அத்தனையும் செத்த இடத்திலேயே கிடக்கும். போய் எடுப்பதற்குள் மறுபடியும் செத்தால் போனது போனதுதான். ‘ஹாலோ நைட்’ ஆட்டத்தில் ஸ்டீல் சோல் என்றொரு முறை உண்டு. ஒரே உயிர், அது போனால் எல்லாம் போச்சு. ‘கெட்டிங் ஓவர் இட்’ ஆட்டத்தில் சுத்தியலை ஊன்றி ஊன்றி மலையேறியவன் ஒரு சறுக்கலில் அடிவாரத்துக்கே வந்து விழுவான். வயிறு எரியும். ஆனாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். விதியைத் தெரிந்துகொண்டுதான் இறங்கினேன்.

நான் குமுறுவது வேறொன்றுக்காக. ஜெயித்த பிறகு, ஜெயித்ததையே காணாமல் அடிக்கிறார்களே, அதற்காக.

எந்த ஆட்டம் என்பது வேண்டாம். வாரக்கணக்கில் என்னைத் துவைத்தெடுத்த ஓர் எதிரி அதில் இருந்தான். அவனுடைய வலது தோள் லேசாகத் தாழ்ந்தால் வாள் பக்கவாட்டில் வரும், தாழாவிட்டால் நேராக நெஞ்சுக்கு வரும். இந்த ஒன்றைக் கண்டுபிடிக்கவே எத்தனையோ இரவுகள் போயின. சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வந்து, சாப்பிட்டு, வீடு அடங்கிய பிறகு எனக்கென்று மிஞ்சும் நேரம் அது. கடைசியில் ஒருநாள் அவன் விழுந்தான். திரையின் மூலையில், அதுவரை ஆடியதைச் சேமிப்பதற்கான சின்ன வட்டம் சுழலத் தொடங்கியது. அது நிற்பதற்குள் மின்சாரம் நின்றது. வெளியே ஐப்பசி மழை. மின்விசிறி மெல்ல ஓய்ந்தது. என் கட்டைவிரல்கள் மட்டும் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. மின்சாரம் வந்ததும் திறந்து பார்த்தால், சேமிப்புக் கோப்பு சேதமடைந்துவிட்டது, புதிதாகத் தொடங்கவும் என்கிறது. அந்த ஒரு சண்டை மட்டுமல்ல, முதல் நாளிலிருந்து நடந்த பாதை முழுவதும் போயிற்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டார்கள்.

உடைத்தது மழையல்ல. அதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதினால், பாதியில் மின்சாரம் போகும்போது பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. புதியதைத் தனியாக எழுதி, முழுமையாக இருக்கிறதா என்று சரிபார்த்து, அதன் பிறகு பழையதை மாற்ற வேண்டும். நிரல் எழுதுகிறவர்களுக்குப் பல்லாண்டுகளாகத் தெரிந்த பாடம் இது. ராட்சதனின் தோள் எத்தனை அங்குலம் தாழ வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செதுக்கியவர்களுக்கு இதைச் செய்ய மட்டும் மனம் வரவில்லை.

வட்டம் சுழலும்போது கணினியை அணைக்காதீர்கள் என்று ஆட்டத்தின் தொடக்கத்திலேயே எச்சரிக்கை காட்டுகிறார்கள். நானா அணைத்தேன்? திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வேப்பங்கிளை கம்பியில் சாய்ந்தால் தெருவே இருட்டாகிவிடும். 2011இல் தானே புயலையும் 2024இல் ஃபெஞ்சலையும் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு மின்சாரம் எந்த நொடியிலும் போகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. யுபிஎஸ் வாங்கிவிடு என்று எளிதாகச் சொல்கிறார்கள். அவர்கள் எழுதாமல் விட்ட சில வரிகளுக்கு நான் எதற்காகப் பேட்டரி வாங்க வேண்டும்?

இதற்கு மேல், பக்கத்தில் இருப்பவர்கள் பேசுகிற பேச்சு. விளையாட்டுக்காகவா சாப்பிடாமல் படுத்திருக்கிறாய் என்று அம்மா கேட்டார். அவருக்காவது அது என்னவென்று தெரியாது. தெரிந்த நண்பர்களும் விளையாட்டுதானே என்றால் எங்கே போய்ச் சொல்வது? கிடைத்ததால் வரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு இழந்ததால் வரும் வலி பெரிது என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே எழுதிவிட்டார்கள். நான் இழந்தது பணம்கூட இல்லை. பணம் என்றால் அடுத்த மாதச் சம்பளத்தில் ஈடுகட்டிவிடலாம்.

இன்னொரு நண்பர், மறுபடி ஆடினால் பாதி நேரத்தில் முடித்துவிடலாம் என்கிறார். முடிக்கலாம்தான். கைக்குப் பழகிவிட்டது. ஆனால் எல்லாக் கதவுக்கும் பின்னால் யார் நிற்கிறார் என்று இப்போது எனக்குத் தெரியும். தெரியாமல் கதவைத் தள்ளிய அந்தப் பயத்தை யார் திருப்பித் தருவார்? எதிரியை வீழ்த்திவிட்டு இருட்டில் சிரித்தேனே, அதற்கு ஒரு சாட்சியும் இல்லாமல் போய்விட்டது.

இழக்கும் பயம் இருந்தால்தான் ஆட்டத்தில் சுவை என்று வாதாடுகிறவர்கள், ஸ்டீல் சோலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனவனையும் என்னையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். என்னை யாரும் கேட்கவில்லை. ஆட்டத்தைச் செய்கிறவர்களே, கடினத்தை இன்னும் கூட்டுங்கள், நன்றாக அடியுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பழைய பிரதி இரண்டையாவது ஒரு மூலையில் வைத்திருங்கள். வட்டில் ஐம்பது அறுபது ஜிபியைக் கேட்காமலே பிடித்துக்கொள்கிற நீங்கள், இன்னும் சில எம்பி எடுத்துக்கொண்டால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.