மெட்ரோ தலைக்கு மேலே, அக்கா பஸ் நிறுத்தத்தில்

எங்கள் மர்ஃபி டவுனில் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர். பிறந்தது, வளர்ந்தது, கட்டிக்கொண்டது எல்லாம் பெங்களூரில்தான். ஊர் எது என்று கேட்டால் மட்டும் திருப்பத்தூர் என்பார். ஹூடி பக்கம் ஓர் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. காலை ஆறரைக்கெல்லாம் டிபன் பையோடும், பிளாஸ்டிக் கவரில் போட்ட ஆதார் அட்டையோடும் அல்சூரில் பஸ்ஸுக்கு நிற்பார். ஒயிட்ஃபீல்டு போகிற மெட்ரோ அவர் தலைக்கு மேலேயே போகும். அதில் ஏறினால் அரை மணி நேரத்தில் ஹூடி. அவரோ பஸ்ஸில் போய், டின் ஃபேக்டரி சந்திப்பு நெரிசலில் வெந்து, அங்கே இன்னொரு பஸ் மாறி, ஒன்றேகால் மணி நேரம் கழித்து இறங்குவார்.

ஏன் அக்கா என்று கேட்டேன். “கீழ ஓசியில போறேன் தம்பி, எதுக்கு மேல ஏறிப் போய்க் காசு குடுக்கணும்?” என்றார். (ஓசி என்று அவர் சொல்லலாம். நான் சொன்னால் திட்டு விழும்.)

கணக்கு சரிதான். 2023 ஜூன் 11இல் வந்த சக்தி திட்டத்தில் கர்நாடகப் பெண்களுக்கு சாதாரண பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. மெட்ரோவிலோ 2025 பிப்ரவரியில் கட்டணத்தை உயர்த்தி, அதிகபட்சம் 60 ரூபாயாக இருந்ததை 90 ஆக்கினார்கள். அக்காவுக்குப் போக வர நூறு ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும். மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், ஒரு வீட்டு மளிகை அதில் அடங்கிவிடும்.

போக்குவரத்தை ஒருங்கிணைக்கிறோம் என்று யார் ஆரம்பித்தாலும் அடுத்த வார்த்தை செயலியாகத்தான் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. சென்னையில் 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்று’ செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட் எடுக்கலாம். நல்ல விஷயம், இங்கேயும் அப்படி வரட்டும். ஆனால் அக்காவுக்கு டிக்கெட் எடுப்பதில் என்ன கஷ்டம்? விலையில்தான் கஷ்டம். ஒரே க்யூஆரில் இரண்டு முழுக் கட்டணம் வாங்கினால் நமக்கு மிச்சமாவது வரிசையில் நிற்கிற ஐந்து நிமிடம்தான்.

மெட்ரோவில் இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் பஸ் ஏறினால் அந்த பஸ்ஸுக்குத் தனியாகக் காசு கேட்காதீர்கள். சக்தி திட்டத்தில் அரசு பஸ்ஸுக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கு அதே பெண் மெட்ரோவில் போனாலும் சேரட்டும். மெட்ரோவுக்குக் கடன் இருக்கிறது, யார் கொடுப்பது என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காலியாகப் போகிற மதிய ரயிலும் செலவுதானே?

இத்தனைக்கும் இது இங்கே புதுசு இல்லை. மெட்ரோ வந்த புதிதில் மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரு நாள் டிக்கெட்டே இருந்தது. சரள், சராக் என்று இரண்டு வகை. இன்று பத்துப் பேரிடம் கேளுங்கள், ஒருவருக்காவது ஞாபகம் இருக்கிறதா பார்ப்போம்.

பணப்பைகள் தனித்தனி. பஸ் மாநிலத்துடையது, மெட்ரோ மத்திய, மாநில அரசுகளுக்குப் பாதிப் பாதி, புறநகர் ரயிலுக்கு இன்னொரு நிறுவனம், நடைபாதை மாநகராட்சி. எல்லாவற்றையும் ஒரு குடைக்குள் கொண்டுவரத்தான் 2022இல் பெருநகரத் தரைவழிப் போக்குவரத்து ஆணையச் சட்டம் போட்டார்கள். குடை இருக்கிறது, யார் பிடிப்பது என்பதில்தான் இழுபறி. அதே 2022இல்தான் பையப்பனஹள்ளியில் விஸ்வேஸ்வரய்யா ரயில் முனையத்தையும் திறந்தார்கள். பெயரை நம்பி பையப்பனஹள்ளி மெட்ரோவில் இறங்கிவிடாதீர்கள், அங்கிருந்து பெட்டியோடு நடக்கிற தூரம் இல்லை.

அப்புறம் ரயிலை விட்டு இறங்கி பஸ்ஸைப் பிடிக்கிற அந்தக் கடைசி முந்நூறு மீட்டர். நான் தினமும் இறங்குகிற நிலையத்தின் பெயர் வேண்டாம். ரயில் வந்து நின்றதும் மேலேயிருந்து பார்த்தால் கீழே ஃபீடர் பஸ் (நிலையத்திலிருந்து அக்கம்பக்கத்துக்குப் போகிற இணைப்பு பஸ்) நிற்பது தெரியும். படி இறங்கி, வளைந்து, சாலையைக் கடப்பதற்குள் அது கிளம்பிவிடும். போன வாரம் மழை. எட்டுப் பேர் கைகாட்டிக்கொண்டே ஓடினோம். ஓட்டுநருக்கு அவருடைய நேர அட்டவணை, ரயிலுக்கு அதனுடையது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்து, பஸ்ஸை நான்கு நிமிடம் தள்ளி எடுக்கச் சொல்ல எந்தச் செயலியும் வேண்டாம்.

அக்காவும் மெட்ரோவில் போகாமல் இல்லை. சூப்பர்வைசர் சீக்கிரம் வரச் சொன்ன நாளில் மட்டும். “ஏசியில உட்கார்ந்தா கண்ணு சொக்குது தம்பி. காசும் குடுத்து, தூங்கி, ஹூடியைத் தாண்டிட்டேன்னா?”