41வது வளைவுன்னா 41வது வளைவுதான்யா!

இப்பதான் இன்சூரன்ஸ்காரன்கிட்ட இருந்து மெசேஜ் வருது. "தங்கள் கோரிக்கை வெற்றிகரமாக முடித்து வைக்கப்பட்டது." யாருய்யா முடிச்சு வச்சது? நான் வண்டிய ஷெட்ல விட்டுட்டு, பஸ்ஸ புடிச்சு வீடு வந்து, குளிச்சு சாப்ட்டு தூங்கி எந்திரிச்சும் ஆச்சு. அவனுங்க ஆப்ல மட்டும் அந்த சின்ன லாரி படம் நாமக்கல் பக்கம் ஆடாம அசையாம நிக்குது, "விரைவில் வந்தடையும்"னு.

கொல்லிமலை. டெண்ட் போடப் போனோம். பாதி மலை ஏறையில கிளட்ச் பெடல் உள்ள போச்சு, போனது போனதுதான், காலை எடுத்தாலும் மேல வரல, தரையோட தரையா படுத்துக்கிச்சு. கியர் விழல. டயருக்கு கல்லு வச்சு நிறுத்தியாச்சு. அதான் ஒவ்வொரு வருஷமும் இன்சூரன்ஸ் கட்டும்போது ரோட்சைடு அசிஸ்டன்ஸ், அதாவது வண்டி வழியில நின்னுட்டா வந்து உதவுறதுக்குன்னு தனியா புடுங்குறானே, கூப்பிடுவோம்னு கூப்பிட்டேன்.

நீங்களும் கூப்பிட்டிருப்பீங்க, உங்களுக்கே தெரியும். இந்தி பாட்டு, இங்கிலீஷ் பாட்டு, ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்கு எல்லாம் முடிஞ்சு ஒரு தம்பி வந்தாப்ல.

"சார் உங்க லொகேஷன்?"

"கொல்லிமலைங்க. காரவள்ளியில இருந்து ஏறுற ரோடு, 41வது கொண்டை ஊசி வளைவு."

"ஓகே சார். பக்கத்துல லேண்ட்மார்க்?"

"41வது வளைவுங்க."

"இல்ல சார், பேங்க், பெட்ரோல் பங்க், ஹாஸ்பிடல் மாதிரி?"

"ஒரு பக்கம் பாறை. ஒரு பக்கம் பள்ளம்."

"பின்கோடு சார்?"

யோசிச்சுப் பாருங்க. எங்க தெருவுல 12ஆம் நம்பருக்கு அடுத்து 47 இருக்கும், அதுக்கு எதிர்ல பழைய நம்பர் 9. அப்படி இருக்குற நாட்டுல, வரிசையா 1ல இருந்து 70 வரைக்கும் நம்பர் போட்டு, ஒவ்வொரு வளைவுக்கும் போர்டு நட்டு வச்சிருக்குற ஒரே அட்ரஸ் இதுதான். தப்பிப் போகணும்னு நெனச்சாலும் போக முடியாது. கீழ இருந்து எண்ணிக்கிட்டே வா, 41 வந்தா நிறுத்து, நான் நிப்பேன். இத அந்த தம்பிக்கு புரிய வைக்க "40க்கும் 42க்கும் நடுவுலப்பா"ன்னு சொல்லித் தொலச்சேன். அதுக்கு, "அப்போ மூணு வளைவுல நீங்க எதுல சார் இருக்கீங்க?"

கட்டாயிருச்சு. சிக்னல் ஒரு கட்டை, அதுவும் தடுப்புச்சுவர் மேல ஏறி நின்னாதான். திரும்ப கூப்பிட்டா வேற ஆளு, மறுபடி வண்டி நம்பர்ல இருந்து. இந்தம்மா ஒரு படி மேல. "சார், வண்டிய கொஞ்சம் மெயின் ரோட்டுக்கு கொண்டு வந்து நிறுத்த முடியுமா?" எம்மா, கொண்டு வர முடிஞ்சா உன்கிட்ட நான் எதுக்கும்மா பேசிக்கிட்டு இருக்கேன்?

இதுல கொடுமை எங்க நடக்குதுன்னு பாருங்க. நாமக்கல் மாவட்டத்துல! இந்தியா பூராவும் இருந்து லாரிய கொண்டாந்து பாடி கட்டிட்டுப் போற ஊரு. கேஸ் டேங்கரா, இங்க. போர் போடுற ரிக் வண்டியா, பக்கத்துல திருச்செங்கோடு. தெருவுக்கு நாலு பட்டறை, வெல்டிங் வெளிச்சத்துல ராத்திரியே தெரியாது. அந்த ஊர்ல ஒரு கார இழுத்துட்டுப் போக வண்டி இல்லையாம், "வெண்டார் கரூர்ல இருந்து வர்றார் சார்"ங்குறான்.

கரூர் வெண்டாரும் வந்தாரு. எங்க? அடிவாரத்துக்கு. கார மேல ஏத்திட்டுப் போற நீளமான பிளாட்பெட் லாரிய கொண்டாந்து காரவள்ளியில நிறுத்திட்டு போன் பண்றாரு. "ஏனுங்க, இந்த நீளத்துக்கு வளைவுல ஒடியாதுங்க. நீங்க எப்படியாச்சும் கீழ வந்துட்டீங்கன்னா ஏத்திக்குவேங்க." நியாயம்தான். டாக்டர் கூட அப்படித்தான், நீங்க குணமாகி வந்துட்டீங்கன்னா வைத்தியம் பாத்துருவாரு.

கடைசியா சேந்தமங்கலத்துல இருந்து ஒரு குட்டி ரெக்கவரி வண்டி, கொக்கி செயினோட. மேல ஏத்தி, திருப்பி, காருக்கு முன்னாடி கொண்டாந்து நிறுத்துனாரு அந்த அண்ணன். எனக்கு கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அவரு வண்டிக்கும் வந்துச்சு, முன்னாடி பக்கம், புஸ்ஸுன்னு ஆவியோட. ரேடியேட்டர் ஹோஸ் புட்டுக்குச்சு.

ஆமா. இழுக்க வந்த வண்டி படுத்துருச்சு. அதுக்கும் நான்தான் கல்லு பொறுக்கிட்டு வந்து டயருக்கு வச்சேன். அந்த அண்ணன் இறங்கி அவரு ஓனருக்கு போன் போட்டாரு. ஸ்பீக்கர்ல கேக்குது, "எங்கடா நிக்கிற, லேண்ட்மார்க் சொல்லு." நானும் என் வீட்டுக்காரம்மாவும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்து சிரிக்க ஆரம்பிச்சோம் பாருங்க, வயித்தப் புடிச்சுக்கிட்டு. அந்த அண்ணன் பயந்துட்டாரு.

இந்த மலைய ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்புல யானை, புலி, மான், பன்னி, உடும்புன்னு அஞ்சையும் சாச்சான்னு புலவர் பாடி வச்சிருக்காரு. ஒரே போன்ல ஒரு மாருதிய நகத்த முடியல இவனுங்களால.

யாரு காப்பாத்துனா? மேல இருந்து வாழைத்தார் ஏத்திட்டு இறங்குன மினி லாரிக்காரர். லேண்ட்மார்க் கேக்கல, பாலிசி நம்பர் கேக்கல. பீடிய ஓரமா வச்சுட்டு, சீட்டுக்கு அடியில இருந்து பழைய சைக்கிள் ட்யூப எடுத்தாரு, நீளமா கிழிச்சாரு, வெடிச்ச ஹோஸ் மேல இழுத்து இழுத்து சுத்தி முடிச்சு போட்டாரு. "தண்ணி இருக்குங்களா?" இருந்துச்சு, கேம்ப்பிங்னு ஆசையா வாங்கிட்டு வந்த 20 லிட்டர் குடிதண்ணி கேன். ரேடியேட்டர் மொத்தமா குடிச்சுது. காசு நீட்டுனா வாங்கல, வண்டியில இருந்து நாலு பழத்த புடுங்கி பிள்ளைங்க கையில குடுத்துட்டு போயிட்டாரு. அந்த ட்யூப் கட்டோடதான் என் காரு கொக்கியில தொங்கிக்கிட்டு சேந்தமங்கலம் வந்துச்சு. அங்க "ஹில் சார்ஜ்"னு ஒரு பில்லு. அது ஏதோ கண்டிஷன்ல எழுதியிருக்காம். எறும்பு சைஸ்ல எழுதியிருப்பான்.

சரி, வீட்டுக்கு வந்தாவது நிம்மதியா இருக்கலாம்னா, டெண்ட் போடலன்னு சின்னவன் ஒரே அழுகை. ஹால்ல போட்டுக் குடுத்தேன். இப்ப கேக்குறேன், இந்த டெண்ட் விக்கிற புண்ணியவான் எவனோ, அந்த பைய எந்த அளவு பாத்துய்யா தச்ச? மடிக்கிறேன், சுருட்டுறேன், மேல ஏறி உக்காந்தே பாத்துட்டேன், ஜிப்பு பாதிக்கு மேல வரமாட்டேங்குது. கடையில மட்டும் எப்படிய்யா உள்ள போச்சு?