தவணையை நிறுத்தினால் கடன் ரத்தாகாது

"பிரிட்டனில் கடன் வாங்கிப் பல்லுக்குக் கிளிப் போட்டவர்கள், சிகிச்சை திருப்தியில்லை என்றால் தவணையை நிறுத்தினாலே போதும், ஒப்பந்தம் ரத்தாகிவிடும்" என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது தவறு. தயவுசெய்து இதை நம்பி இறங்கிவிடாதீர்கள். தவணை நின்றால் முதலில் அடிபடுவது உங்கள் கடன் வரலாறுதான்.

காரணம் சொல்லாமல் விலகும் உரிமை பொதுவாக முதல் 14 நாட்களுக்கு மட்டுமே. அப்போதும் வாங்கிய தொகையை வட்டியோடு 30 நாட்களுக்குள் கட்ட வேண்டும். பல் நகரவே மாதக்கணக்காகும் சிகிச்சைக்கு இது எந்த மூலைக்கு?

உங்களுக்கு உண்மையில் கைகொடுப்பது 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவு. சிகிச்சையின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருந்து, மருத்துவமனை வழியாகவே ஏற்பாடான கடன் என்றால், ஒப்பந்த மீறலுக்குக் கடன் கொடுத்த நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். ஆனால் "நினைத்த அழகு வரவில்லை" என்பது மட்டும் போதாது. உரிய கவனமும் திறமையும் இல்லாமல் செய்தார்கள், அல்லது சொன்னதைச் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். எழுதிக் கொடுத்த சிகிச்சைத் திட்டம், முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே, வேறொரு பல் சீரமைப்பு நிபுணரின் எழுத்துபூர்வமான கருத்து ஆகியவற்றோடு கடன் நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். 8 வாரங்களில் முடிவு வராவிட்டால் நிதிச் சேவைகளுக்கான குறைதீர்ப்பு அமைப்பை அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.