ரெண்டாவது சரணத்துக்கும் அதே மியூசிக்கா?

மலேசியாவுல, இந்தக் கரைல இருக்குற பிறை ஊர்லேருந்து பினாங்குத் தீவுல இருக்குற பாயான் லெப்பாஸ் வேலைக்குப் போறவங்களுக்குத் தெரியும், பினாங்கு பாலம் 13.5 கிலோமீட்டர்னு சொல்றாங்க, ஆனா காலைல ஜேம்ல மாட்டுனா ஈப்போ வரைக்கும் போற மாதிரி இருக்கும், துணைக்கு ரேடியோதான். அதுல இன்னிக்கு ஒரு புதுப் பாட்டு, பல்லவி நல்லாத்தான் இருந்துச்சு, அப்புறம் ஒரு புல்லாங்குழல் பிட்டு, அது முடியுற இடத்துல டிங்னு ஒரு மணி சத்தம், சரணம், பல்லவி, திரும்ப அதே புல்லாங்குழல், நானும் காத்துக்கிட்டே இருக்கேன், அதே இடத்துல டிங்! கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க லா.

இளையராஜா பாட்டுல பெரும்பாலும் சரணத்துக்கு முன்னாடி வர்ற ரெண்டு இடையிசையும் வேற வேறதான். முதல்ல வயலின் கூட்டமா வந்துச்சுன்னா அடுத்ததுக்கு வீணையோ கிட்டாரோ, எங்க கூட்டிட்டுப் போறார்னே தெரியாது, சரணத்து வாசல்ல வந்துதான் இறக்கி விடுவார். அப்படிக் கேட்டு வளந்த காது இது, என்ன செய்ய.

காவடிச் சிந்துலயும் ஒரே மெட்டுதானே திரும்பத் திரும்ப வருதுன்னு கேக்காதீங்க. அது ஆடிக்கிட்டே நடக்குறதுக்கு. தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுறவனுக்கு மெட்டு மாறாம இருந்தாத்தான் கால் நிக்காம போகும். நான் எங்க ஏறுறேன், முன்னாடி லோரி, பின்னாடி லோரி, நடுவுல உக்காந்திருக்கேன்.

தீவுக்குள்ள இறங்குறதுக்குள்ள அதே பாட்ட திரும்பவும் போட்டுட்டான்.